ஆண்டு முழுக்க ஆயுத பூஜை

கத்தியாரை அடையாளம் கண்டுகொள்ள அவருடைய இடுப்பைப் பார்க்க வேண்டியதில்லை. இடது முன்னங்கையைப் பார்த்தால் போதும். வலது கையில் ஆண்டவன் கொடுத்த முடி கொடுத்தபடியே இருக்கும். இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை தூரம் வழுவழுவென்று வெளுத்திருக்கும். தீட்டி முடித்த ஒவ்வொரு கத்தியும் முடியை மழிக்கிறதா என்ற சோதனை அங்கேதான் நடக்கிறது. முடி முளைக்க அவகாசம் இல்லாத வாரங்களில் அன்றைய நாளிதழ் பலியாகும். அவருடைய அப்பா தலையங்கத்தை நாடா நாடாவாகத்தான் படித்து வருகிறார்.

இவர் கறிக்கடைக்காரர் அல்ல, சமையல்காரர் அல்ல, இளநீர் வெட்டுகிறவரும் அல்ல. கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மேலாளராக இருப்பார். அல்லது பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருப்பார். பகல் முழுக்க அவர் வெட்டுவது அடுத்தவர் அனுப்பிய செலவுக் கணக்கை மட்டுமே. இப்படி இருந்தவர் ஒருநாள் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றை வாங்கிக் கூரையில் இரும்புச் சட்டம் பொருத்துகிறார். மலைக்குப் போனால் ஓட்டலில் அறை எடுப்பதெல்லாம் பழைய கதை, இனிமேல் காரின் பின்கதவுக்குக் கீழே அடுப்பு, பக்கத்தில் கூடாரம் என்று அறிவிக்கிறார். குடும்பம் சரி என்கிறது. கூடாரம், மெத்தை, விளக்கு, மடக்கு நாற்காலி எல்லாம் ஒரே சனிக்கிழமையில் வாங்கி முடிந்துவிடும். மிச்சமிருப்பது கத்தி ஒன்றுதான். அது முடிவதே இல்லை.

மலையில் நடந்து ஏறுகிறவனுக்கு இந்த வியாதி வராது. முதுகில் சுமக்க வேண்டுமே என்ற பயத்தில் ஒரு கத்தியோடு நிறுத்திக்கொள்வான். காருக்கு முதுகு வலிக்காது. டிக்கி இருக்கிறவரைக்கும் ஆசையும் இருக்கும்.

முதலில் சுவிட்சர்லாந்துக்காரர்களின் சிவப்புக் கத்தி வந்தது. அதில் கத்தி, கத்தரி, திருகாணி முடுக்கி, பல்குத்தி எல்லாம் இருக்கின்றன. ஆனால் அலகைத் திறந்தால் பூட்டிக்கொள்ளாது, விரல்மேல் மடங்கிவிடும் என்று யாரோ சொன்னார்கள். உடனே பிரான்சின் சவாய் மலைப்பக்கத்துக் கத்தியான ஒப்பினெல் வந்தது. பீச் மரக் கைப்பிடி, கழுத்தில் திருகிப் பூட்டுகிற வளையம். வளையம் 1955-இல்தான் வந்தது, கத்தி 1890-லிருந்தே இருக்கிறது என்பதை, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவார். மடக்குக் கத்தியால் விறகு பிளக்க முடியாது என்பதால் ஸ்வீடனிலிருந்து மோரா. மோராவின் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஓடவில்லை என்பதால் கடைசிவரை ஓடுகிற இன்னொன்று. அதில் தக்காளி நறுக்கினால் நசுங்குகிறது என்பதால் மெல்லிசாக மற்றொன்று. பிறகு கைக்கோடாலி, ஜப்பானிய மடக்கு ரம்பம். ஒவ்வொரு கத்தியும் முந்தின கத்தியின் குறையைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தது. மாமியார் வீட்டு உறவுகள்கூட இத்தனை ஒழுங்காக ஒருவரை ஒருவர் குறை சொன்னதில்லை.

"ஏனுங்க, தக்காளி அரியறதுக்கு ஒரு கத்தி எடுத்துக்கிட்டாப் போதாதுங்களா?" என்று மனைவி கேட்டால்,

"எந்தத் தக்காளிங்கறதப் பொறுத்துக் கண்ணு" என்பார்.

கத்தியைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் நாம் நினைப்போம். அவர் பேசுவது இரும்பைப் பற்றி. டி2 என்பார், 14சி28என் என்பார், ராக்வெல் 58 என்பார். கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தன் ரத்தப் பரிசோதனை முடிவு ஞாபகத்துக்கு வரும். ஒருமுறை டி2 அலகு போட்ட மடக்குக் கத்தியைக் கணபதி பக்கம் டூல்ரூம் வைத்திருக்கிற நண்பரிடம் காட்டினார். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஹெச்சிஹெச்சியார் தானுங்களே. டை அடிச்சு மிஞ்சின துண்டு பட்டறையில கெடக்குது, வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார். கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் பன்னிரண்டு சதவீதம் உள்ள இந்த உருக்கில்தான் கோவையின் மோட்டார்த் தகடு வெட்டுகிற அச்சுகள் ஆண்டாண்டு காலமாகத் தயாராகின்றன. அந்த நண்பர் வீட்டுச் சமையலறையில் பழைய பவர் ஹாக்சா பிளேடை அரைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றிய கத்தி ஒன்று இருக்கிறது. எலும்பு, தேங்காய், அட்டைப் பெட்டி எதையும் அது விசாரிப்பதில்லை. கத்தியார் அதைக் கையில் வாங்கியபோது முகத்தில் ஒரு வேதனை தெரிந்தது. அழகில்லாத ஒன்று இப்படி நன்றாக வெட்டக் கூடாது என்பது அவருடைய கட்சி.

வெளிநாட்டு விளம்பரத்தில் 'ஸ்பிரிங் ஸ்டீல்' என்று வந்தால் அவருக்கு மயிர்க்கூச்செறியும். லாரிப் பட்டையும் அந்தச் சாதிதான். கொல்லுப் பட்டறைகளில் அரிவாள் அடிக்கிறவர்கள் அந்தப் பட்டையைத்தான் காய்ச்சி அடிக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு ஊர் பெயரே விலாசம். இதைச் சொன்னால் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்ட மறுநிமிடம், "அதுக்கு உறை சரியா அமையாதுங்க" என்பார்.

தமிழ்ப் பெருமையில் அவருக்குக் குறை ஒன்றும் கிடையாது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உருக்கு காய்ச்சினார்கள் என்பதையும், தென்னாட்டு உருக்குதான் மேற்கே போய் டமாஸ்கஸ் வாளாகப் பேர் வாங்கியது என்பதையும் உணர்ச்சியோடு சொல்லுவார். சொல்லிவிட்டு அலை அலையாகக் கோடு ஓடுகிற ஒரு கத்தியை உருவிக் காட்டுவார். இன்று கடையில் கிடைக்கிற அந்த அலைகள் இரண்டு வகை உருக்கை ஒட்டி அடித்து அமிலத்தில் தோய்த்து வரவழைத்தவை. நொய்யல் கரை மூசைகளுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினார்.

இத்தனையும் எதற்கு, வெட்டுவதற்குத்தானே என்று நீங்கள் நினைத்தால் கத்தியாரை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. அவருடைய கத்திகளால் எதையும் வெட்டக் கூடாது. கார்பன் உருக்கில் எலுமிச்சை பட்டால் கறுக்கும். எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்கினால் கூர் மடங்கும். கோழி எலும்பு பட்டால் அலகு பல்லுப் பல்லாகப் பெயரும். புளித்தண்ணீர், உப்பு, பலாப்பால், சிங்க்கில் போட்டுக் கழுவுவது எல்லாம் விலக்கு. ஒருநாள் புதுக் கத்தியை வினிகரில் ஊறவைத்து எடுத்தார். அது சாம்பலும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக வெளியே வந்தது.

"அய்யோ, துரு புடிச்சுருச்சுங்களா?"

"துரு இல்ல கண்ணு, பாட்டினா. இது மேல இருந்தா சிவப்புத் துரு சீக்கிரம் அண்டாது."

"அப்ப வீட்டு அருவாமனைல இருக்கறதும் பாட்டினாங்களா?"

"அது துரு."

ஆயுத பூஜையன்று எல்லோரும் கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அன்று ஒரு நாள் அவற்றைத் தொடாமல் ஓய்வு கொடுப்பார்கள். கத்தியார் வீட்டுக் கருவிகளுக்கு அந்த ஓய்வு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் உண்டு. பூஜை நாளில்கூடச் சந்தன ஈரம் அலகில் படக் கூடாது என்று உறைக்கு மட்டும்தான் பொட்டு.

ஆனால் தீட்டுவதில் அவர் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ஆயிரம் எண் கல், மூவாயிரம் எண் கல், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் எல்லா வீட்டுக் கத்திகளையும் இலவசமாகத் தீட்டிக் கொடுத்தார். முன்பெல்லாம் சைக்கிளில் சாணைச் சக்கரம் மாட்டிக்கொண்டு ஒருவர் வருவார். அவர் தீட்டினால் ஒரு மாதம் தாங்கும். இவர் தீட்டியது அன்று மாலையே தெரிந்தது. பத்து வருஷமாக மொன்னைக் கத்தியை அழுத்தி அழுத்திப் பழகிய கைகள், அதே அழுத்தத்தை அன்றும் கொடுத்தன. திங்கட்கிழமை லிஃப்டில் பார்த்த பெண்மணிகள் பலருடைய இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. அதன் பிறகு கத்தியாரைக் கண்டால் சிலர் மாடிப்படியில் இறங்கினார்கள்.

கூர் விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரி என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மொன்னைக் கத்திதான் ஆபத்து. அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் வழுக்குகிறது. பாவம், சரியான விஷயத்தைத் தவறான ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிட்டார்.

அவருக்கு அஞ்சாத ஒரே ஆள் அவருடைய அம்மா. "ஏஞ்சாமி, மலைக்குப் போறதுன்னா அருவாமனைய எடுத்து வண்டியில வையி. மேசை வேணாம், பலகை வேணாம், கீழ ஒக்காந்தா வேலையாச்சு" என்றார். கத்தியார் அந்த வாரம்தான் முகாமுக்கென்று மடக்கு மேசை, நறுக்குப் பலகை, பலகை வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்பு மூன்றையும் வாங்கியிருந்தார். வளைந்த அலகு செங்குத்தாக நின்றால் பிரேக் போடும்போது என்ன ஆகும் என்று பாதுகாப்பு உரை ஒன்று நிகழ்த்தினார். நியாயமான உரைதான். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே பழைய வேட்டியால் அருவாமனையைச் சுற்றிச் சாக்கில் கட்டி முன்சீட்டின் காலடியில் வைத்துவிட்டார். அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு கத்தியார் அந்தக் கட்டை மெல்ல அவிழ்த்து, அலகில் நகத்தை ஓட்டிப் பார்த்து, இதன் ராக்வெல் எத்தனை இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இவர்கள் குடும்பத்தோடு போன கொல்லிமலைப் பயணத்தைச் சொன்னால் ஆள் முழுதாகத் தெரிவார். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி அடிவாரம். அங்கே பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று வண்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தவுடன் கேன்வாஸ் சுருள் ஒன்று கீழே உருண்டு தானாகவே விரிந்துகொண்டது. வெயிலில் ஒன்பது அலகுகள் பளபளத்தன.

"ஏனுங் சார், மேல ஏதாச்சும் பஞ்சாயத்துங்களா?" என்றார் காவலர்.

கத்தியார் இந்தக் கேள்விக்காகப் பல வருஷமாகத் தயாராக இருந்தார். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றித்தான் ஆயுத விதிகள் பேசுகின்றன, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை அதிலும் சேராது, இதோ டேப் என்று ஒவ்வொன்றாக அளந்து காட்டினார். பின்னால் பதினொரு வண்டிகள் நின்றன. ஒரு டெம்போக்காரர் இறங்கிவந்து பார்த்துவிட்டு, இவர் கத்தி வியாபாரி போலிருக்கிறது என்று நினைத்து விலை கேட்டார். காவலர் கடைசியில் சாக்கைத் தொட்டு, இது என்ன என்றார். "அருவாமனைங்க" என்றார் அம்மா. "செரி போங்க" என்றார் அவர்.

மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவில் கத்தியார் 1884-இல் இருந்தார். கார்ல் எல்சனர் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கிவிட்டார். பத்தாவது வளைவில் 1891, சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி போகிறது. பதினைந்தாவது வளைவில் 1897, அதிகாரிகளுக்கான கத்தி பதிவாகிறது. இருபத்தெட்டில் சின்னவன் வாந்தி எடுத்தான். துடைத்துவிட்டு ஏறினால் 1975. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றுகிறார். கார் அடிக்கடி படுக்கிறது. கையில் இருப்பது சாரணர் கத்தி, அதில் குறடு இல்லை. குறடும் கத்தியும் ஒன்றாக இருந்தால் என்ன என்று அங்கேதான் தோன்றுகிறது. விற்பனைக்கு வருவது 1983. கத்தியாருக்கு இதுதான் ஸ்தல புராணம். காரில் ஊர் சுற்றப் போன ஒரு சாதாரண ஆள், கார் கெட்டுப்போனதாலேயே அழியாப் புகழ் பெற்றுவிட்டார் அல்லவா?

"அந்த எட்டு வருஷமும் வீட்டுச் செலவ யாருங்க பாத்தாங்க?" என்றார் மனைவி.

கத்தியார் நாற்பத்தொன்றாவது வளைவில் கவனமானார்.

காப்பித் தோட்டத்தை ஒட்டிய முகாமில் போய் இறங்கியதும்தான் அவருடைய வாழ்க்கையின் பெரிய சோகம் வெளிப்பட்டது. வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. கோழியைச் செம்மேட்டுக் கடைக்காரர், "சின்னதுங்களா, பெருசுங்களா" என்று கேட்டுப் புளியங்கட்டையில் வைத்து வெட்டிக் கொடுத்துவிட்டார். சின்ன வெங்காயம் முந்தின இரவே உரித்து டப்பாவில் இருந்தது. இஞ்சியும் பூண்டும் விழுதாக வந்திருந்தன. அன்னாசிப்பழத்தை வழியில் வாங்கியபோதே கீற்றுப் போட்டு மிளகாய்த்தூள் தூவிவிட்டார்கள். விறகை முகாம்காரர் பிளந்து கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார். இவர் வந்து சேர்வதற்குள் உலகம் எல்லாவற்றையும் வெட்டி முடித்திருந்தது.

ஆனாலும் பிளந்த விறகை மறுபடி பிளக்கலாமே. நீட்டிய கைக்கு எட்டுகிற வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது என்பது சாரணர்களின் விதி, நல்ல விதி. அதைச் சொல்லிக் குடும்பத்தைப் பத்தடி தள்ளி உட்காரவைத்தார். கத்தியை விறகின் தலையில் வைத்து அதன் முதுகில் உருட்டுக்கட்டையால் அடித்தார். பிளந்த குச்சியைச் சுருள் சுருளாகச் சீவினார். பிறகு கத்தியின் முதுகால் ஒரு கம்பியை உரசித் தீப்பொறி பறக்கவைத்தார். மூன்று தலைமுறைகள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தன. பொறி அழகாக இருந்தது. இருட்டியதும் அம்மா எழுந்து வந்து, பூஜைப் பையிலிருந்து இரண்டு கட்டி கற்பூரம் எடுத்துச் சுருளுக்கு நடுவே வைத்தார். "சீவினது நல்லா இருக்குது சாமி" என்று பாராட்டிவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழித்தார்.

காலையில் பால் பாக்கெட். தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒப்பினெல்லை எடுத்தால் பால் மடிப்பில் இறங்கி மரம் ஊறும். மோராவுக்கு இரவுதான் எண்ணெய் போட்டிருந்தது. அலைக்கத்தியை இதற்கெல்லாம் எடுப்பார்களா? கேன்வாஸ் சுருளின் முன்னால் அவர் மண்டியிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் பாதியாக வற்றியது. கடைசியில் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

என்னைக் கேட்டால் இந்தப் பயணத்துக்குக் கத்தரிக்கோல் ஒன்று போதும். பால், மசாலா, கயிறு, பிளாஸ்திரி, குழந்தையின் சட்டையில் குத்துகிற லேபிள் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆகிறது. கூடவே நாலு அங்குலத்தில் உறையோடு நிலைக்கத்தி ஒன்று, தக்காளிக்குப் பல்வைத்த சின்னக் கத்தி ஒன்று, விழுந்து கிடக்கிற கிளைக்கு மடக்கு ரம்பம் ஒன்று. ஆனால் கத்தரிக்கோலைப் பற்றி எழுபது வளைவுக்குப் பேச முடியாது. சிவப்புக் கத்தியில் இருக்கிற குட்டிக் கத்தரியை மட்டும் மனைவி எப்போதோ கைப்பற்றிவிட்டார். சின்னவனுக்கு நகம் வெட்ட. கத்தியாரின் சேகரிப்பில் தினமும் உழைக்கிற ஒரே அலகு அது.

இரண்டாம் நாள் மாலையில் அவர் காத்திருந்த கணம் வந்தது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒருவர், சேலத்துக்காரர், தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஒரு கத்தி கெடைக்குமா?"

கத்தியார் எழுந்தார். மேசைமேல் துணி விரித்தார். சுருளை அவிழ்த்தார். "எதுக்குன்னு சொல்லுங்க. புளிப்பு இருக்குதுங்களா? எலும்பு? கீழ என்ன வெச்சு வெட்டுவீங்க, பலகையா, தட்டா?"

"பாப்பாவுக்குப் பொறந்த நாளுண்ணே. கேக்கு."

கேக். கத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கிரீமில் ஈரம் உண்டு, புளிப்பு இல்லை. அடியில் இருப்பது அட்டை, கூருக்குச் சேதமில்லை. நீளம் வேண்டும், மெல்லிசாக இருக்க வேண்டும், குழந்தையின் கைக்கு அடங்க வேண்டும். எட்டரை அங்குலத்தில் ஒன்றை எடுத்தார், வெளிச்சத்தில் திருப்பினார், துடைத்தார். முதல் முறையாக, வெட்டுவதற்கென்று ஒரு கத்தியை அடுத்தவருக்கு நீட்டினார், காம்புப் பக்கமாக, முறைப்படி.

சேலத்துக்காரர் ஓரடி பின்வாங்கினார். கூடாரத்துப் பக்கம் பார்த்தார். மச்சான் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து ஏற்கனவே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாண்ணே" என்றார் மெதுவாக. "பட்டாக்கத்தியில கேக்கு வெட்டினா இப்பல்லாம் வீடியோவப் பாத்து வீட்டுக்கே வந்து புடிச்சுட்டுப் போயிடறாங்க. அந்த அம்மாகிட்ட ஒரு ஸ்பூன் மட்டும் வாங்கிக் குடுங்க."